சப்மெர்ஜ்னா முங்குறதா, முழுகுறதா? கிளாஸ்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடில சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கிறேன். பெரிய சென்டர்லாம் இல்ல, வீட்டு முகப்புல பாய் விரிச்சு ஒரு போர்டை சாச்சு வச்சு நடத்துறதுதான். போன கோடைல எங்க போர் மோட்டார் போயிருச்சு, கழட்ட வந்த மெக்கானிக் தம்பி "சம்மர்சிபிள் அவுட்டுண்ணே"ன்னு சொன்னதைக் கேட்டுட்டு ஒரு பையன் "சார், சம்மர்ல நிறைய ஓடுறதாலதான் அந்தப் பேரா"ன்னான், எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா பத்தாவது வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு தொடங்கின பேச்சு நாலு கிளாஸ் ஓடிச்சு, அப்புறம் ஒவ்வொரு பேட்ச்லயும் அதே கேள்விகள் வருது, அதான் எழுதி வச்சுட்டேன்.

சம்மர்சிபிள், சம்சிபிள், சப்மெர்சிபிள், இதுல எது சரி?

சப்மெர்சிபிள். சப்மெர்ஜ்னா தண்ணிக்கு அடியில போறது, அல்லது போக வைக்கிறது. அப்போ சப்மெர்சிபிள்னா "முழுக வச்சாலும் தாங்குறது"ன்னு அர்த்தம். சம்மருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

மோட்டாரை ஏன் தண்ணிக்குள்ள இறக்கணும்னு அடுத்த கேள்வி உடனே வரும். மேல உக்காந்து இழுக்குற மோட்டார் உண்மையில தண்ணிய இழுக்கல, குழாய்க்குள்ள இருக்குற காத்தை மட்டும்தான் எடுக்குது, வெளிய இருக்குற காத்தோட அழுத்தம்தான் தண்ணிய மேல தள்ளி விடுது. அந்த அழுத்தத்துக்கு உள்ள தெம்பு பத்து மீட்டர் சொச்சம், அதாவது 34 அடி, அதுவும் கணக்குப்படி. நடைமுறைல 25 அடி வந்தாலே பெரிய விஷயம். நம்ம பக்கம் போர் எத்தனை அடின்னு உங்களுக்கே தெரியும். அதனால மோட்டாரையே அடியில இறக்கி, அங்கேருந்து தண்ணிய மேல தள்ள விடுறாங்க. சுத்தி இருக்குற தண்ணிதான் அந்த மோட்டாருக்கு சூடு ஆத்துறது. தண்ணி மட்டம் கீழ போயி மோட்டார் வெறும் குழியில தொங்கிக்கிட்டு ஓடுச்சுன்னா காயில் கருகிரும். எங்க மோட்டார் போனதும் அப்படித்தான், முழுகி செத்துப் போகல, முழுகாததால செத்துப் போச்சு.

இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?

லத்தீன்லேருந்து. சப் அப்படின்னா கீழ, மெர்கெரே அப்படின்னா முக்கு, முங்கு. ரெண்டும் சேர்ந்து சப்மெர்கெரே, அது பிரெஞ்சு வழியா 1600ஐ ஒட்டி இங்கிலீஷுக்கு வந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது மெர்கெரேதான், ஏன்னா அது ஒத்தை ஆளு இல்ல, பெரிய குடும்பம். இம்மெர்ஸ், எமெர்ஜ், எமெர்ஜென்சி, மெர்ஜ், மெர்ஜர் எல்லாம் ஒரே வளவுல பொறந்த பிள்ளைக. லத்தீன்ல மெர்குஸ்னு ஒரு நீர்ப்பறவைக்கு பேரு, தண்ணிக்குள்ள முங்கி மீன் புடிக்கிறதால அந்தப் பேரு. நம்ம கண்மாய்ல சின்னதா உருண்டையா ஒரு பறவை திடீர்னு காணாமப் போயி பத்தடி தள்ளி மேல வருமே, முக்குளிப்பான், அது வேற பறவைதான், ஆனா பேரு வச்ச புத்தி ஒண்ணு.

லத்தீனுக்கும் நமக்கும் என்ன சார் இருக்கு, சும்மா மனப்பாடம் பண்றதுதானே?

இந்தக் கேள்வி கேக்குறவங்களுக்காகவே ஒரு பதில் வச்சிருக்கேன், எனக்கு ரொம்பப் புடிச்ச பதில்.

கோயில்ல சாமிக்கு திருமஞ்சனம்னு சொல்றோம்ல, அந்த மஞ்சனம் தமிழ்ல சமஸ்கிருத மஜ்ஜனத்துலேருந்து வந்தது, முழுக்கு, நீராட்டுன்னு அர்த்தம். மஜ்ஜ்னா தண்ணில முழுகு. அந்த மஜ்ஜும் லத்தீன் மெர்கெரேயும் ஒரே வேர். ரெண்டுக்கும் முந்தின பழைய மொழில மெஸ்க் மாதிரி ஒரு ஒலி இருந்துச்சு, அது லத்தீன் பக்கம் போனப்ப ஸ இருந்த இடத்துல ர வந்துச்சு, சமஸ்கிருதம் பக்கம் போனப்ப ஜ்ஜ ஆச்சு. லித்துவேனியா மொழில அதே வேர் கழுவுறதுக்கு ஆச்சு. அப்போ பிள்ளையார்பட்டில நடக்குற திருமஞ்சனத்துல இருக்குற மஞ்சனமும், உங்க வீட்டு போர்ல தொங்குற சப்மெர்சிபிள்ல இருக்குற மெர்ஸும் தூரத்து பங்காளிக.

ரெண்டு எச்சரிக்கை சொல்லிருறேன். மஞ்சனத்துக்கும் மஞ்சளுக்கும் தொடர்பு இல்ல, மஞ்சத்தண்ணி ஊத்துறதால மஞ்சனம்னு நெனைச்சுக்கிட்டு இருக்குறவங்க நிறைய. அப்புறம் தமிழ்லேருந்துதான் லத்தீனே போச்சுன்னு யாரும் கெளம்பிறாதீங்க, இது நாம கடன் வாங்கின சொல்லு. நம்ம சொந்த சொல்லு முங்கு, முழுகு, அமிழ், ஆழ், அதுக்கு பின்னாடி வர்றேன்.

எமெர்ஜ்னா என்ன, எமெர்ஜென்சில ஏன் முழுகுறது வருது?

எமெர்ஜ்ல முன்னாடி ஒட்டியிருக்குறது வெளிய வர்றதைச் சொல்ற எழுத்து. முழுகினது வெளிய வர்றது எமெர்ஜ். இதுக்கு போர்டுல படம் போடறதை விட அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போறது லேசு. வெள்ளைப் பணியாரம் ஊத்துறதைப் பாத்திருக்கீங்களா? டம்ளர் நெறைய பச்சரிசி, அதுக்கு மேல கோபுரமா நிக்கிற அளவுக்கு உளுந்து, ஊற வச்சு வெண்ணெயா ஆட்டி, காஞ்ச எண்ணெய்ல ஒரு கரண்டி மாவை நடுவுல ஊத்துனா அது நேரா அடிக்குப் போகும். ஒரு மூச்சு விடுற நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் ஓரம் மொறுமொறுன்னு பூத்து, நடு உப்பி, தானா மேல வரும். அடிக்குப் போனது சப்மெர்ஜ், மேல வந்தது எமெர்ஜ். மாவு தண்ணியா இருந்தா மேல வராது, அங்கேயே பிரிஞ்சு போகும், எங்க அப்பத்தா "இன்னைக்கு பணியாரம் கோவிச்சுக்கிருச்சு"ம்பாக.

எமெர்ஜென்சியும் இதுதான். 1600கள்ல அந்த வார்த்தை வந்தப்ப, தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கெடந்தது எதிர்பாக்காத நேரத்துல மேல வந்து நிக்கிறதுன்னு அர்த்தம். நமக்கு எமெர்ஜென்சின்னா பெரியவங்களுக்கு 1975 ஜூன் 25, மத்தவங்களுக்கு ஆஸ்பத்திரி செவப்பு போர்டு. ரெண்டுலயும் தண்ணி எங்க இருக்குன்னு இப்ப யாருக்கும் தெரியாது.

மெர்ஜ்னா ஒண்ணு சேர்றதுதானே? அதுல எங்க முழுகுறது?

முதல்ல மெர்ஜ்னா முக்கு, முழுக வைன்னுதான் அர்த்தம், அது வழக்கொழிஞ்சு போச்சு. 1700கள்ல இங்கிலீஷ் சட்டத்துல ஒரு சின்ன உரிமை பெரிய உரிமைக்குள்ள போயி தன் பேரே இல்லாம ஆகுறதுக்கு மெர்ஜ்னாங்க, அங்கேருந்துதான் கம்பெனி மெர்ஜர் வந்துச்சு. ஆக மெர்ஜர்ங்கிறது சம பங்காளிக கை கோக்குறது இல்ல, ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள முழுகுறது.

இதுக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். 1933ல செட்டிநாடு மெர்க்கன்டைல் பேங்க்னு ஒண்ணு தொடங்குச்சு. 1943ல கருமுத்து தியாகராஜன் செட்டியார் மதுரைல பேங்க் ஆஃப் மதுரா ஆரம்பிச்சாரு. 1960கள்ல அந்த செட்டிநாடு மெர்க்கன்டைல், பேங்க் ஆஃப் மதுராவுக்குள்ள போச்சு. 2001ல பேங்க் ஆஃப் மதுராவே ஐசிஐசிஐ பேங்குக்குள்ள போச்சு. செட்டிநாடுங்கிற பேரு ரெண்டு தண்ணிக்கு அடியில இப்ப. பேப்பர்ல இணைப்புன்னு போடுவாங்க, இணைப்புங்கிறது மரியாதைக்குச் சொல்றது, லத்தீன்காரன் ஒளிக்காம சொல்லிட்டான்.

சப்மெர்ஜ், இம்மெர்ஸ், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சப் கீழ, இம் உள்ள. சப்மெர்ஜ்ல முக்கியம் மேல தண்ணி இருக்குறது, ஆளு மறைஞ்சு போறது. இம்மெர்ஸ்ல முக்கியம் சுத்தி தண்ணி இருக்குறது, அது உள்ள எறங்குறது. வெள்ளத்துல பாலம் சப்மெர்ஜ் ஆகும், பாலத்தை யாரும் இம்மெர்ஸ்னு சொல்ல மாட்டாங்க.

ஆத்தங்குடில டைல்ஸ் போடுறதைப் பாத்தா இம்மெர்ஸ் நல்லாப் புரியும். கண்ணாடித் துண்டு மேல இரும்புச் சட்டம் வச்சு, டிசைன் அச்சுக்குள்ள கலர் சிமெண்டை கரண்டியால ஊத்துவாங்க, அச்சைத் தூக்கிட்டு மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அதுக்கு மேல ஈரக் கலவையை அப்பி மட்டம் பண்ணுவாங்க. ஒரு நாள் காஞ்சப்புறம் அதை வரிசையா தண்ணித் தொட்டிக்குள்ள எறக்கி சில நாள் வச்சிருப்பாங்க. அங்க தண்ணி டைல்ஸை மறைக்கிறது நோக்கம் இல்ல, சிமெண்டு தண்ணியக் குடிச்சு இறுகணும், அதுதான் நோக்கம். அதான் இம்மெர்ஸ். வெளிய எடுத்து வெயில்ல வச்சு கண்ணாடியை கழட்டுனா முகம் பாக்குற மாதிரி மினுங்கும். தமிழ்ல இதுக்கு ஊறப் போடுறதுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவோம், ஊறுறதுங்கிறதுல முழுகுறதும் இருக்கு, உள்ள வாங்குறதும் இருக்கு.

பக்கெட்ல போடுற ஹீட்டர் ராடு இருக்குல்ல, அது இம்மர்ஷன் ராடு, அந்தப் பேருல இருக்குறதும் இதுதான். ராடு தண்ணிக்குள்ள இருக்குறப்ப மட்டும் சுவிட்ச் போடணும்கிற எச்சரிக்கை பேருலயே இருக்கு.

மனசு விஷயத்துக்கு இம்மெர்ஸ்தான் போடணும், வேலைல இம்மெர்ஸ் ஆயிட்டேன்னு. அதுக்கு நம்மகிட்ட ஆழ்ந்து போறது இருக்கு. பக்தில ஆழ்ந்தவங்கங்கிறதாலதான் ஆழ்வார்னு வழக்கமா சொல்லுவாங்க. மொழி கத்துக்கொடுக்குறதுல இம்மர்ஷன் மெத்தட்னு ஒண்ணு, 1965ல கனடா கியூபெக் பக்கம் ஒரு ஊர்ல இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைகளை மொத்த பாடத்தையும் பிரெஞ்சுலயே படிக்க வச்சு ஆரம்பிச்சாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம ஊர்ல செட்டியார் வட்டிக்கடைக்கு பெட்டியடிப் பையன்னு சின்ன வயசுல கப்பல் ஏத்தி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் அனுப்பி விட்டாங்களே, அவன் அங்க பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து வர்றவன் போறவன் பேச்சைக் கேட்டே அந்த ஊர் பாஷைய புடிச்சுட்டு அப்புறம் அடுத்தாள் ஆகி மேலாள் ஆனான். அதுக்கு யாரும் மெத்தட்னு பேரு வைக்கல.

பிள்ளையார் கரைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல இம்மர்ஷன்னு போடுறாங்களே, சரியா?

வழக்கத்துல சரி. ஆனா நாம சொல்றது வேற. நாம கரைக்கிறோம்னு சொல்றோம், களிமண்ணு தண்ணில கரைஞ்சு இல்லாமப் போறதுதான் நமக்குக் கணக்கு. இங்கிலீஷ்ல இறக்குறதோட கதை முடிஞ்சுது. தெலுங்குல இதை நிமஜ்ஜனம்ம்பாங்க, மேல சொன்ன அதே மஜ்ஜ், ஆக தெலுங்கும் இங்கிலீஷும் ஒரு பக்கம், நாம ஒரு பக்கம். சும்மா தண்ணிக்குள்ள தள்ளிட்டு வர்ற பிளாஸ்டர் பிள்ளையாருக்கு இம்மர்ஷன்தான் பொருத்தம்னு எனக்குத் தோணும், அது கரையிறதே இல்லையே.

சப்மெர்ஜுக்கு தமிழ்ல சரியான வார்த்தை எது?

ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்ல முடியாது, ஏன்னா தமிழ்ல முழுகுறதுக்கு முன்னாடி யாரு, எதுக்கு, திரும்பி வருவாங்களான்னு பாத்துட்டுத்தான் வார்த்தை போடுவோம்.

சின்ன வயசுல கண்மாய் பெருகுனா அங்கதான் கெடப்போம், ஊருணி குடிக்கிற தண்ணி, அதுல கால் வைக்க விட மாட்டாக. கண்மாய்ல பந்தயம், யாரு ரொம்ப நேரம் முங்கிக் கெடக்குறதுன்னு. கரையில எங்க அப்பத்தா துணியை கல்லுல அடிச்சுக்கிட்டே "முங்கி எந்திரிங்கடா, முழுகிப் போயிராதீங்க"ன்னு கத்துவாக. அந்த ஒரு வரில மொத்த இலக்கணமும் இருக்கு. முங்குறது நாமளா போறது, மூச்சு புடிச்சு போயி மூச்சு விட மேல வருவோம். முழுகிப் போறதுன்னா திரும்பி வராதது. முக்குறது நாம இன்னொண்ணைச் செய்றது, துணியை சாயத்துல முக்குறோம், இட்லிய சாம்பார்ல முக்குறோம், உடனே எடுத்துருவோம். அமிழ்றது மெதுவா, தன் கனத்துல எறங்குறது. தோய்றது நனைஞ்சு ஒட்டிக்கிறது. இங்கிலீஷ்காரன் ஒரே மெர்கெரேக்கு முன்னாடி சப், இம், எ அப்படின்னு தொப்பி மாத்தி மாத்தி போட்டு சமாளிக்கிறான், நம்மகிட்ட ஒவ்வொண்ணுக்கும் தனி ஆளே இருக்கு.

அதனால மொழிபெயர்க்கும்போது வீடு, ரோடு, வயல் தண்ணிக்குள்ள போனா மூழ்கியதுன்னு போடுங்க. நீச்சல்காரன்னா முங்கினான். எண்ணெய்ல முழுசா மறையணும்னா முங்குற அளவு. ஊறுகாய் பாட்டில் மேல சப்மெர்ஜ்டுன்னு இருந்தா "எண்ணெய் மேல நிக்கணும்"னு எழுதுங்க, அதுதான் வீட்டுல பேசுறது.

சிங்க், டிரௌன், சப்மெர்ஜ் மூணும் ஒண்ணுதானே?

இல்ல. சிங்க் கீழ எறங்குறது, கப்பல் சிங்க் ஆகும். டிரௌன் மூச்சு முட்டிச் சாகுறது, உயிரு உள்ளதுக்குத்தான் முதல்ல. சப்மெர்ஜ்ல சாவும் இல்ல, அழிவும் இல்ல, இப்போதைக்கு தண்ணிக்கு அடியில இருக்கு, அவ்வளவுதான். மேட்டூர் அணை 1934ல கட்டி முடிச்சப்ப பண்ணவாடி பக்கம் பழைய ஊர்களும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் ஒரு மாதா கோயிலும் தண்ணிக்குள்ள போச்சு. 120 அடி நெறைஞ்சு நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. தண்ணி நல்லா எறங்குன வருஷம் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளிய வரும், சனம் பரிசல் புடிச்சுப் போயி பாக்கும். அந்த நந்தி சிங்க் ஆகல, டிரௌன் ஆகல, சப்மெர்ஜ் ஆகுது, எமெர்ஜ் ஆகுது.

நகை முழுகிப் போச்சுங்கிறதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? அண்டர்வாட்டர்னு சொல்லலாமா?

கூடாது, இதுல நிறைய பேரு மாட்டிக்கிறாங்க. அண்டர்வாட்டர்னா சப்மெர்ஜோட அர்த்தமேதான், லத்தீன் இல்லாம சொந்த இங்கிலீஷ்ல செஞ்சது. ஆனா கடன் பேச்சுல அதுக்கு தனி அர்த்தம். 40 லட்சத்துக்கு வீடு, அதுல 35 லட்சம் கடன். வீட்டு விலை 28 லட்சத்துக்கு எறங்கிருச்சு. கடன்தான் தண்ணி மட்டம், வீட்டு விலைதான் உங்க தலைன்னு வச்சுக்கங்க, தலைக்கு மேல ஏழு லட்சம் தண்ணி. வித்தாலும் கடன் தீராது, இதுதான் அண்டர்வாட்டர். பிரிட்டன்ல நெகட்டிவ் ஈக்விட்டிம்பாங்க. 2008ல அமெரிக்காவுல வீட்டு விலை சரிஞ்சப்புறம் கடன்ல இருந்த வீட்டுல ஏறக்குறைய நாலுல ஒண்ணு இப்படி ஆச்சு, அப்பத்தான் இந்த வார்த்தை பேப்பர் பேப்பரா பரவிச்சு.

நம்ம நகை முழுகுறது அது இல்ல. பேங்க்லயும் நகைக்கடன் கம்பெனிலயும் லட்ச ரூவா நகைக்கு, ரொம்ப நாளா இருந்த ரிசர்வ் பேங்க் வரம்புப்படி, 75,000 வரைக்கும் கொடுத்தாங்க. தங்கம் விலை 75,000க்கும் கீழ போனா இங்கிலீஷ்காரன் கணக்குல அது அண்டர்வாட்டர். நம்ம கணக்குல இன்னும் முழுகல, வட்டி கட்டி மாத்தி வச்சா நகை நம்மளுதுதான். அதே நகை ரெண்டு லட்சத்துக்கு ஏறியிருந்தாலும் தவணை தாண்டி ஏலத்துக்குப் போயிட்டா முழுகிப் போச்சு. அவங்களுக்கு முழுக வைக்கிறது விலை, நமக்கு நாளு. அவங்க பேச்சுல முழுகுறது கடன் வாங்கினவன், நம்ம பேச்சுல முழுகுறது நகை, ஆளு கரைல நின்னு பாத்துக்கிட்டு இருப்பான்.

எங்க அம்மாவோட ரெட்டை வட சங்கிலி அப்படித்தான் போச்சு. எனக்கு காலேஜ் ஃபீஸுக்கு வச்சது. திருப்ப காசு சேத்துக்கிட்டுப் போனா போன வாரமே ஏலம் முடிஞ்சுதுன்னாங்க, நோட்டீஸ் அனுப்பினோம்னாங்க, வீட்டுக்கு ஒண்ணும் வரல. கடன் போக மிஞ்சுன ஏலக் காசு நமக்குத்தான் சேரணும்னு அப்ப எங்களுக்குத் தெரியாது, கேக்காமயே வந்துட்டோம். நீங்க வச்சிருந்தா சீட்டுல தேதியப் பாத்து போன்ல அலாரம் வச்சுக்கங்க. இங்கிலீஷ்ல கேட்டா ஃபார்ஃபீட், ஆக்ஷன் ஆயிருச்சு, இப்படித்தான் சொல்லணும். ஜ்வெல் சப்மெர்ஜ்டுன்னு ஒரு பொண்ணு எழுதியிருந்துச்சு, கேட்டவங்க கெணத்துல விழுந்திருச்சான்னுதான் கேப்பாங்க.

அண்டர்வாட்டர் கடன் நம்ம ஊர் வரலாற்றுல நடந்திருக்கா?

அந்த வார்த்தை இல்லாமயே நடந்திருக்கு, பர்மாவுல. 1930 வாக்குல அங்க வட்டிக்கு விடுற செட்டியார் கடை 1,650 இருந்துச்சுன்னு அப்ப நடந்த அரசாங்க பேங்க் விசாரணைல கணக்கு. நெல் விளையிற நிலத்து மேல கடன். 1930ல உலகம் பூரா விலை விழுந்தப்ப நெல் விலையும் விழுந்துச்சு, நெலத்து விலையும் விழுந்துச்சு, கடன் மட்டும் அதே ஒசரத்துல நின்னுச்சு. தலைக்கு மேல வெள்ளம், சாண் என்ன முழம் என்ன. கட்ட முடியாதவன் நெலத்தை எழுதிக் கொடுத்தான். கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டத்துல 1930ல சாகுபடி நெலத்துல 6 சதவீதம் செட்டியார் கையில இருந்துச்சு, 1938 வாக்குல 25 சதவீதம்.

கேக்குறதுக்கு வரவு மாதிரி இருக்கு. ஆனா கடை நடத்துனவங்களுக்கு நெலம் வேண்டியதில்ல, ரூவாய்தான் வேணும், விக்க முடியாத நெலமா வந்து குவிஞ்சுது. பர்மாக்காரனுக்கு பாத்தா தன் பாட்டன் நெலம் போயிருச்சு, அந்தக் கோவமும் நியாயம்தான், இதை நம்ம ஊர்ல பேசுறப்ப அந்தப் பக்கத்தை விட்டுட்டுத்தான் பேசுவோம். 1942ல ஜப்பான்காரன் வந்தான், கடைகளைப் போட்டுட்டு கெளம்ப வேண்டியதாச்சு. 1948ல பர்மா சுதந்திரம் வாங்குன வருஷமே நெலத்தை நாட்டுடைமை ஆக்கி சட்டம் போட்டாங்க. கடன் வாங்கினவன் முதல்ல முழுகினான், பின்னாடி கடன் கொடுத்தவன் முழுகினான். எங்க தெருவுல ஒரு ஆச்சி இருந்தாக, அவுக ஐயா அங்கேருந்து கொண்டாந்த பேரேட்டை ரெண்டாங்கட்டுல பரண் மேல வச்சிருந்தாக. சின்னப் பிள்ளைல எறக்கிக் காட்டச் சொன்னா, "அது ஊரே முழுகிப் போச்சப்பா, அதுல என்ன பாக்கப் போறே"ம்பாக.

செட்டிநாட்டு வீடுக ஒசரமா இருக்குறது தண்ணி பயத்துலயா?

அப்படித்தான் சொல்லிக்கிறாங்க. நகரத்தார், அதாவது இந்த ஊர்ச் செட்டியார்க, அவுக பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம்னு வழிவழியா சொல்லுவாங்க. அந்தப் பட்டினத்தை கடல் கொண்டதா மணிமேகலைல இருக்கு. கடலை விட்டு தள்ளி, பெரிய ஆறு இல்லாத இந்தக் காட்டுல வந்து குடியேறியும் அடித்தளத்தை ஆள் ஒசரத்துக்கு ஏத்தி, படி வச்சு ஏறிப் போற மாதிரி கட்டினதுக்கு அந்தப் பழைய பயம்தான் காரணம்னு பேச்சு. அப்படி வச்சுக்கிட்டாலும் வேடிக்கையைப் பாருங்க, இங்க தண்ணி முழுகடிக்கிறது இல்ல, இல்லாமப் போறதுதான் கஷ்டம். நாலு பக்கக் கூரைத் தண்ணியும் வளவுக்குள்ள விழுற மாதிரி வச்சு, அண்டா குண்டால புடிச்சு, மிச்சத்தை ஊருணிக்குப் போக விட்டாங்க.

இதுல இங்கிலீஷ் பாடம் ஒண்ணு. கடல் கொண்டதுங்கிறதை சப்மெர்ஜ்னு போட்டா பாதி போயிரும். கொள்றதுன்னா எடுத்துக்கிறது, கடல் அங்க ஆளு மாதிரி வந்து எடுத்துக்கிட்டுப் போகுது. சப்மெர்ஜ்ல ஊரு சும்மா அடியில கெடக்கும். கடல்கோளுக்கு எனக்கு ஒத்தை வார்த்தை இதுவரைக்கும் அகப்படல.

சப்மெரீனும் சப்மெர்சிபிளும் ஒண்ணா?

சப்மெரீன்ல மெர்கெரே கெடையாது, மரீன் இருக்கு, கடல். கடலுக்கு கீழ போறது. தமிழ்ல நீர்மூழ்கிங்கிறோம், நல்ல பேரு. சப்மெரீன் தானா கெளம்பி தானா தொறைக்குத் திரும்பும். சப்மெர்சிபிளுக்கு மேல ஒரு தாய்க் கப்பல் வேணும், அதுதான் எறக்கும், ஏத்தும். 2023 ஜூன்ல டைட்டானிக் பாக்கப் போயி அஞ்சு பேரோட நொறுங்குன டைட்டன் சப்மெர்சிபிள்தான். சென்னைல தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் செய்ற மத்ஸ்யா 6000மும் அந்த வகை, மூணு பேரு, 6,000 மீட்டர் ஆழத்துக்கு.

சப்மெர்ஜ்டு டென்த்னா என்ன?

1890ல சால்வேஷன் ஆர்மிங்கிற கிறிஸ்தவ சேவை அமைப்போட வில்லியம் பூத் இங்கிலாந்தைப் பத்திச் சொன்னது, நாட்டுல பத்துல ஒரு பங்கு சனம் வறுமைல அடியோட முழுகிக் கெடக்குதுன்னு. பழைய இங்கிலீஷ் கட்டுரைல வந்தா கணக்குப் பாடம்னு நெனைச்சுறாதீங்க.

முழுகாம இருக்கான்னு இங்கிலீஷ்ல எப்படி சார்?

பிரெக்னன்ட். அவ்வளவுதான். மாசாமாசம் தலைக்கு முழுகுறது நின்னு போனதைச் சொல்றது, இதுக்கும் தண்ணிக்கு அடில போறதுக்கும் தூரம். ஒரு தம்பி தன் அக்கா பத்தி எழுதுனதுல ஷி இஸ் நாட் சப்மெர்ஜ்டுன்னு இருந்துச்சு, அக்கா பத்திரமா இருக்காகன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதே மாதிரி ஒருத்தரை தலை முழுகிட்டேன்னா உறவை அத்து விட்டாச்சுன்னு அர்த்தம், அதையும் இம்மெர்ஸ்ல எழுதாதீங்க.

கடைல எப்படிச் சொல்லணும்?

பரிட்சைல, இன்டர்வியூல சப்மெர்சிபிள். ரெண்டாவது அசைல அழுத்தம், சப்-மெர்-. ஹார்டுவேர் கடைல சம்மர்சிபிள்னே சொல்லுங்க. நான் ஒரு தடவை சுத்தமா சப்மெர்சிபிள்னு சொல்லி நின்னேன், கடைப் பையன் உள்ள திரும்பி "அண்ணே, இவுக வேற எதோ மோட்டார் கேக்குறாக"ன்னான். கடைசில வாங்கி மாட்டுன ஒன்றரை ஹெச்பிக்கு பில்லுல "சம்மர் மோட்டார் 1"ன்னு எழுதியிருக்கு, வாரண்டிக்கு வேணும்னு அதை அப்படியே பத்திரமா வச்சிருக்கேன்.